காலை ஏழு மணிக்கு ஹோட்டல் வாசலில்: பதிவு வேறு, அறை வேறு

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறையில் சுங்கை சிப்புட்டிலிருந்து வேன் பிடித்து 13 பேர் ஜொகூர் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறீர்கள். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் சனிக்கிழமை விடியும்போது அங்கே இருக்கலாம் என்பது உங்கள் கணக்கு. சனி இரவு ஒரு நாள் தங்கல், நான்கு அறை. ஹோட்டலில் செக்-இன் மாலைதான் என்று எழுதியிருக்கிறது. காலை ஏழுக்கே அறை கிடைக்குமா? அமெரிக்கா போய்வந்த உங்கள் மாமா சொன்னதுபோல், ஹோட்டலில் தங்குகிறவர்களைப் பூங்காவுக்குள் ஒரு மணி நேரம் முன்னதாக விடுவார்களா? 78 வயதுப் பாட்டியை அதுவரை எங்கே உட்கார வைப்பது? இவைதான் நீங்கள் கேட்டவை.

அறை ஏழு மணிக்குக் கிடைத்துவிடும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். ஆனால் ஏழு மணிக்கே செக்-இன் செய்யலாம். இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் நம் ஆட்கள் பெட்டி படுக்கையோடு லாபியில் கிடந்து ஒரு முழுக் காலைப்பொழுதை இழக்கிறார்கள். ஜொகூர் பாருவில் ஹோட்டல் ஃபிரண்ட் ஆபிஸில் 17 வருஷம் இருந்தேன், அதில் ஆறு வருஷம் இரவு ஷிப்ட். எத்தனையோ குடும்பங்களை அந்த நிலையில் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அறை ஏன் மாலையில்தான் கிடைக்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். விடுமுறை நாளில் முந்தின இரவு ஹோட்டல் நிறைந்திருக்கும். காலை ஏழு மணிக்கு உங்களுக்கான அறையில் வேறொரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். அவர்கள் பதினொன்று, பன்னிரண்டுக்குத்தான் சாவியைத் திருப்பித் தருவார்கள். அதன்பிறகு ஹவுஸ்கீப்பிங் ஆள் உள்ளே போய், கட்டில் விரிப்பை உருவி, குளியலறையைத் தேய்த்து, துண்டு மாற்றி, தரை பெருக்கி முடிக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். பிள்ளைகள் தங்கின அறை என்றால் இன்னும் கூடும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 முதல் 16 அறை வரை கொடுப்பார்கள். லெகோலேண்டின் சொந்த ஹோட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் திறந்தது, 249 அறை. ஆளுக்கு 14 அறை என்று வைத்தால் ஒரே நாளில் 18 பேர் முதுகு நிமிராமல் வேலை செய்ய வேண்டும். அங்கே செக்-அவுட் காலை 11 மணி, செக்-இன் மாலை 4 மணி. அந்த ஐந்து மணி நேரம் யாரையும் காக்க வைப்பதற்காக வைத்தது இல்லை. அந்தப் பதினெட்டுப் பேரின் கை வேகம் அவ்வளவுதான்.

கவுண்டரில் நிற்கிற பெண்ணுக்குத் திரையில் தெரிவது இதுதான்: எந்த அறையில் ஆள் இருக்கிறது, எது காலி ஆனால் சுத்தம் ஆகவில்லை, எது சுத்தமாகி சூப்பர்வைசர் பார்த்து முடித்தது. கடைசி வகையில் ஒன்று இருந்தால் மட்டுமே அவளால் காலையில் அறை தர முடியும். விடுமுறை இல்லாத செவ்வாய்க்கிழமை என்றால் பத்து அறையாவது அப்படி இருக்கும், கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். விடுமுறைச் சனிக்கிழமை காலையில் ஒன்றுமே இருக்காது. அவளிடம் சத்தம் போட்டாலும் காலில் விழுந்தாலும் அறை முளைக்காது.

உங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பது, என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வந்து பேர் கொடுத்துவிட்டால் அந்த நாள் உங்கள் நாள். எந்த நிரை (மர வரிசை), எந்தப் பக்கம் என்பதை மேற்பார்வை பார்க்கிற தண்டல் பிறகு சொல்வார். பேர் கொடுக்காதவருக்கு நிரையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஹோட்டல் செக்-இன்னும் அதே மாதிரிதான். காலையில் மைகாட்டை (அடையாள அட்டையை) காட்டிப் பேர் பதிந்து, டெபாசிட் கட்டி, பெட்டியை பெல் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டால் நீங்கள் அந்த ஹோட்டலின் விருந்தாளி. அறை எண் பிறகு கைபேசிக்கு வரும். அதுவரை நீச்சல் குளம், அங்கே உள்ள குளிக்கும் அறை, கழிப்பறை, லாபி எல்லாவற்றையும் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். இரவெல்லாம் வேனில் வந்தவர்களுக்கு ஒரு குளியலும் மாற்று உடையும் கிடைத்தாலே பாதி அசதி போய்விடும்.

ஒரு காலைப்பொழுது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னே. பேராக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஒன்பது பேர். பிள்ளைகள் இரண்டு பெட்டிகளின் மேல் குறுக்கே படுத்துத் தூங்குகிறார்கள். பாட்டி ஒருவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். முழுக்கச் சாய்ந்து உட்காரக்கூட அவருக்குக் கூச்சம். மடியில் எவர்சில்வர் தூக்குச்சட்டி. புளிச்சோறு வாசம் லாபி முழுக்க. மகன் என்னிடம் வந்து ‘நாலு ரூம் பக்கத்துப் பக்கத்துல வேணும்’ என்றார். என் திரையில் ஒரே ஒரு அறைதான் தயார். ‘நாலும் சேர்ந்து வரட்டும், அதுவரை இருக்கிறோம்’ என்று போய் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாட்டி பகல் இரண்டு மணிவரை அப்படியே இருந்தார். இருந்த அந்த ஒரு அறையை முதலில் கேட்டு வாங்கியிருந்தால் ஆறே காலுக்கு அவர் கட்டிலில் படுத்திருப்பார். நானும் அதை அழுத்திச் சொல்லவில்லை. அந்தக் குறை என் மனதில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் நானே எடுத்துச் சொல்லத் தொடங்கினேன்.

ஆகவே இதை மனதில் வையுங்கள்: நான்கு அறைக்கும் சேர்த்து சீக்கிரம் கேட்காதீர்கள், ஒன்றுக்கு மட்டும் கேளுங்கள். ‘மூன்று அறை எப்போது வந்தாலும் பரவாயில்லை, வயதானவருக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே ஒரு அறை முதலில் வேண்டும், எந்த மாடியானாலும் சரி, ஒற்றைப் பெரிய கட்டிலானாலும் இரட்டைக் கட்டிலானாலும் சரி’ என்று சொல்லுங்கள். நிபந்தனை குறையக் குறைய அறை கிடைக்கும் வாய்ப்பு கூடும். பக்கத்துப் பக்கத்து அறை, குளம் தெரிகிற பக்கம், உயர்ந்த மாடி என்று மூன்று ஆசையைச் சேர்த்தால் மாலை வரை காத்திருக்க வேண்டியதுதான். இதைக் காலையில் போய் நின்று கேட்பதைவிட இரண்டு நாள் முன்பே போன் செய்து புக்கிங்கில் குறிப்பாக எழுதச் சொல்வது நல்லது. யாரிடம் பேசினீர்கள் என்று பேரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இரவும் மறுநாள் வருகிறவர்கள் பட்டியலை எடுத்து அறை ஒதுக்குவார்கள். அந்தக் குறிப்பு அந்த நேரத்தில் யார் கண்ணிலாவது படும்.

சீக்கிரம் கொடுப்பதற்குக் கட்டணம் கேட்பதும் உண்டு. சில இடங்களில் அறைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, சில இடங்களில் பாதி நாள் வாடகை. கட்டணம் வாங்குவதில் தவறில்லை, ஆனால் எவ்வளவு என்பது சாவியை வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும். எங்கள் குடும்பமே இதில் ஒருமுறை மாட்டியிருக்கிறது. கடற்கரை ஊர் ஒன்றில் காலை ஒன்பதுக்கு இரண்டு அறை கொடுத்தார்கள், என் அண்ணி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் டெபாசிட்டைத் திரும்பக் கேட்டபோதுதான் இரண்டு அறைக்கும் பாதி நாள் வாடகையைப் பிடித்திருப்பது தெரிந்தது. கையெழுத்திட்ட தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது, அதனால் வாதாட முடியவில்லை. ‘இதற்குத் தனியாகக் காசு உண்டா?’ என்ற ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள். அதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

டெபாசிட் என்றதும் ஞாபகம் வருகிறது. நான்கு அறைக்கும் டெபாசிட் கேட்பார்கள், ரொக்கமாகவோ கார்டிலோ. பயணக் காசு கைவசம் குறையும், அதற்குத் தயாராகப் போங்கள். அறைக்கு ஒருவர் மைகாட் வேண்டும். சிறுபிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட்டையும் எடுத்து வையுங்கள். மலேசியர்களுக்குப் பல பூங்காக்களில் தனி விலை உண்டு, வாசலில் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி என்று 2017-ல் கொண்டுவந்தார்களே, அது வெளிநாட்டினருக்குத்தான். உங்கள் பில்லில் அது இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

இனி, பலருக்குத் தெரியாத ஒன்று. ஹோட்டல் கணக்கில் நாள் என்பது நள்ளிரவு 12 மணிக்கு மாறுவதில்லை. நைட் ஆடிட் என்று ஒன்று உண்டு. இரவு ஷிப்ட் ஆள் அன்றைய கணக்கையெல்லாம் மூடி, கணினியில் தேதியைத் தள்ளுவது. நாங்கள் அதைப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மணிவாக்கில் முடிப்போம். அதன்பிறகு வருகிறவர் புது நாளின் விருந்தாளி. ஆகவே சனிக்கிழமைக்குப் புக்கிங் செய்துவிட்டு காலை ஆறு மணிக்கு வந்தால் உங்கள் பேரைப் பதியலாம். அதே ஆள் இரவு ஒரு மணிக்கு வந்து நின்றால் கணினியில் இன்னும் வெள்ளிக்கிழமைதான். அவருக்கு அன்றைக்குப் புக்கிங்கே இல்லை.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. வெள்ளி இரவுக்கும் சேர்த்துப் புக்கிங் செய்துவிட்டு, வழியில் தாமதமாகி விடியற்காலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தால், அதற்குள் உங்களை நோ-ஷோ, அதாவது வராதவர், என்று போட்டு மூடியிருக்கலாம். சில இடங்களில் நோ-ஷோ ஆனால் சனிக்கிழமை இரவும் சேர்ந்து போய்விடும், கட்டின காசும் திரும்பாது. ‘தாமதமாக வருவோம், அறையை விடவேண்டாம்’ என்று கிளம்பும் முன் ஒரு தடவை, தாப்பாவிலோ ஆயர் குரோவிலோ வண்டி நிறுத்தும்போது ஒரு தடவை போன் செய்தால் இந்தப் பிரச்சினை வராது. இரண்டு நிமிட வேலை.

உங்கள் மாமா சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகர விஷயம். அங்கே டிஸ்னி வேர்ல்டில் முன்பெல்லாம் குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட பூங்காவை மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறப்பார்கள். 2021 அக்டோபரிலிருந்து அதை மாற்றி, டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்கு நான்கு பூங்காவிலும் தினமும் 30 நிமிடம் முன் நுழைவு என்று வைத்தார்கள். யுனிவர்சல் பூங்காக்களில், 2010-ல் ஹாரி பாட்டர் பகுதி திறந்த காலத்திலிருந்தே, தங்கள் ஹோட்டல் விருந்தாளிகளை ஒரு மணி நேரம் முன்பே விட்டார்கள். மாமா அனுபவித்தது அதுவாகத்தான் இருக்கும்.

அங்கே எல்லாரும் கவனிக்கிற இடம் எது தெரியுமா? இந்த உரிமை அறைக்குள் நுழைந்த பிறகு தொடங்குவதில்லை, வந்து சேரும் நாளிலேயே உண்டு. அதேபோல் காலி செய்யும் நாளிலும் உண்டு. யுனிவர்சல் ஹோட்டல்களில் செக்-இன் மாலை 4 மணி. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் காலை ஆறு, ஆறரைக்கே கவுண்டரில் போய்ப் பேர் பதிந்து, சாவி அட்டையை வாங்கிக்கொண்டு, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அந்த அட்டையைக் காட்டி முன்னதாக உள்ளே போய்விடுவார்கள். அறையின் முகத்தையே மாலையில்தான் பார்ப்பார்கள். ஒரே ஒரு இரவுக்குக் காசு கட்டி இரண்டு காலைப்பொழுதை வாங்குகிறார்கள். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் என்ற மூன்று விலையுயர்ந்த ஹோட்டல்களில் வரிசையைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் பாஸும் வாடகையோடு சேர்ந்தே வருகிறது. அதுவும் வரும் நாள், போகும் நாள் இரண்டிலும் செல்லும். டிஸ்னியும் 2025-ல் தன் ஹோட்டல் விருந்தாளிகளுக்கு, வந்து சேரும் நாளில் தண்ணீர்ப் பூங்கா இலவசம் என்று கொடுத்தது. அறை தயாராகாத அந்த வெற்று நேரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில் அது.

எல்லா நாட்டிலும் அப்படி என்று எண்ணிவிடாதீர்கள். தோக்கியோ டிஸ்னியில் ஹோட்டல் விருந்தாளிகளுக்கு 15 நிமிடம்தான் முன்னே விடுகிறார்கள், அதுவும் செக்-இன் செய்யும் நாளில் கிடையாது, மறுநாளிலிருந்துதான். ஹாங்காங்கில் முன் நுழைவைத் தனிச் சீட்டாகக் காசுக்கு விற்றார்கள். ஒரே கம்பெனியின் பேர் தாங்கிய பூங்காக்களிலேயே சட்டம் இப்படி ஊருக்கு ஊர் வேறு. ஆகவே ஓர்லாண்டோ கதையை வைத்து ஜொகூருக்குத் திட்டம் போடாதீர்கள். அறை புக்கிங் செய்யும்போது அந்தத் திட்டத்தின் விவரத்தில் முன் நுழைவு என்று எழுத்தில் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

லெகோலேண்ட் 2012-ல் திறந்தது, ஆசியாவிலேயே முதலாவது. பெரும்பாலான நாட்களில் வாசல் திறப்பது 10 மணிக்கு. முன் நுழைவுச் சலுகை இல்லாவிட்டாலும் காலைப்பொழுதை உங்களுடையதாக்க முடியும். சீட்டை முன்பே ஆன்லைனில் வாங்கிவிட்டு ஒன்பதே காலுக்கு வாசலில் நில்லுங்கள். திறந்ததும் கூட்டம் எல்லாம் கண்ணில் படுகிற முதல் விளையாட்டில் போய் நிற்கும். நீங்கள் நிற்காமல் உள்ளே ஆழமாகப் போய்விடுங்கள். பிள்ளைகள் குட்டிக் கார் ஓட்டி லைசென்ஸ் வாங்குகிற ஓட்டுநர் பள்ளியும், டிராகன் ரோலர் கோஸ்டரும் பதினொன்றரைக்கு மேல் நீண்ட வரிசை ஆகிவிடும். அவற்றை முதலில் முடியுங்கள். நடுவில் இருக்கிற மினிலேண்டை, அந்த இரட்டைக் கோபுரம், தாஜ்மகால், அங்கோர் வாட் எல்லாம் லெகோ கட்டிகளால் கட்டி வைத்திருக்கும் இடத்தை, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கு வரிசையே இல்லை. ஆனால் அங்கே நிழல் குறைவு. பாட்டியோடு போவதாக இருந்தால் குடை எடுத்துக்கொண்டு காலையிலேயே ஒரு சுற்று போய்விடுங்கள்.

காலை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஜொகூரில் பகல் இரண்டு மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. ஆண்டு இறுதி என்றால் வடகிழக்குப் பருவமழையும் சேரும். இடி இடித்தால் வெளியில் ஓடுகிற விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். பாதுகாப்புக்காகச் செய்வது, சண்டை போட்டுப் பயனில்லை. பத்திலிருந்து ஒன்று வரை ஓடியாடிப் பார்த்துவிட்டால் பிறகு மழை வந்தாலும் மனம் வலிக்காது.

கூட்டத்தைப் பற்றி ஒரு பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: ‘ஜொகூரில் ஞாயிறு வேலை நாள், ஞாயிறு போனால் கூட்டம் இருக்காது.’ வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்த காலத்துப் பேச்சு அது. 2025 ஜனவரி முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கே திரும்பிவிட்டது. இன்னொன்று, சிங்கப்பூரிலிருந்து வருகிற துவாஸ் இரண்டாம் பாலம் அந்தப் பூங்காவுக்கு மிகப் பக்கம். நம் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது, சிங்கப்பூர் பள்ளி விடுமுறையையும் பார்க்க வேண்டும். ஜூன் மாதமும், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடியவும் அவர்களுக்கு விடுமுறை. இரண்டு நாட்டு விடுமுறையும் சேர்ந்த சனிக்கிழமைதான் ஆகக் கடினமான நாள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நாள் அதில் விழுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவு 11 மணிக் கிளம்பல் எனக்குப் பிடிக்கவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து லெகோலேண்ட் இருக்கிற இஸ்கந்தர் புத்ரி 500 கிலோமீட்டருக்கு மேல். வண்டி ஓட்டப்போவது உங்கள் மைத்துனர், வெள்ளிக்கிழமை பகல் முழுக்கத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனித உடம்புக்குத் தூக்கம் ஆக அதிகமாக அழுத்துவது இரவு இரண்டிலிருந்து ஆறு வரை. அந்த நேரத்தில் அவர் பாகோவையும் மாச்சாப்பையும் தாண்டிக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமும் செம்பனை, நேர்ச் சாலை, பின்னால் 12 பேரும் தூங்குகிறார்கள். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது. இரவு ஷிப்டில் இருந்தபோது, கண் சிவந்து, கை நடுங்கக் கையெழுத்துப் போட்ட அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வந்து சேர்ந்தார்கள். வந்து சேராதவர்களை நான் பார்த்திருக்க முடியாது அல்லவா?

நான் செய்வதானால் இப்படிச் செய்வேன். பூங்காவின் சொந்த ஹோட்டலை விட்டுவிடுவேன். அறைகள் கடற்கொள்ளையர், கோட்டை என்று பிள்ளைகளுக்கு ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நான்கு அறை என்றால் விலை மிகுதி. இஸ்கந்தர் புத்ரியிலோ கேலாங் பாத்தாவிலோ வெளியே ஒரு நல்ல ஹோட்டலை எடுப்பேன். மிச்சமாகும் காசில் வெள்ளி இரவுக்கும் அறை போடுவேன். மைத்துனரை வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எடுக்கச் சொல்லி, மதியம் கொஞ்சம் தூங்க வைத்து, நான்கு மணிக்கு வண்டியை எடுத்தால் ஈப்போ தாண்டி, கோலாலம்பூர் நெரிசலையும் சேர்த்து, இரண்டு இடத்தில் நிறுத்திச் சாப்பிட்டாலும் நள்ளிரவுக்குள் போய்விடலாம். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. உங்கள் திட்டத்தைவிட ஏழு மணி நேரம் முன்னே கிளம்புகிறீர்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை எல்லாரும் தூங்கி எழுந்து, குளித்து, ஒன்பதே காலுக்கு வாசலில் நிற்கலாம். காலை அறை கிடைக்குமா என்ற கேள்வியே எழாது.

நான்கு அறைக்கும் இரண்டு இரவு கட்ட முடியாது என்றால், வெள்ளி இரவுக்கு இரண்டு அறை மட்டும் போடுங்கள். பாட்டி, கைக்குழந்தை, தாய்மார்கள், வண்டி ஓட்டியவர், இவர்களுக்குக் கட்டில். ஓர் அறையில் எத்தனை பேர் என்று ஹோட்டல் வரம்பு வைத்திருக்கும், கூடுதல் படுக்கைக்குக் காசு கட்டிச் சொல்லியே செய்யுங்கள். அந்த இரண்டு அறையையும் சனி இரவுக்கும் அதே பேரில் தொடரச் சொன்னால் மாற வேண்டியதில்லை, மற்ற இரண்டு அறை மாலையில் வரட்டும்.

அரைநாள் லீவு எந்த வழியிலும் கிடைக்காது, இரவுப் பயணம்தான் என்றால், குறைந்தது சம்பளத்துக்கு ஓட்டுகிற இரண்டாவது ஓட்டுநர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். செரம்பானில் ஆளை மாற்றுங்கள். ஹோட்டலுக்கு ஏழு மணிக்குப் போய், முதலில் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பேர் பதியட்டும். பாட்டிக்கான அந்த ஓர் அறையை, கட்டணம் கேட்டாலும், வாங்கிவிடுங்கள். மற்றவர்கள் குளத்துக் குளியலறையில் குளித்து உடை மாற்றட்டும். புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் பூங்காவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், பெரும்பாலான பூங்காக்களில் குழந்தை உணவு தவிர வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. அதனால் வேனிலேயே எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். ஞாயிறு காலை செக்-அவுட் ஆன பிறகும் பெட்டிகளைப் பெல் கவுண்டரில் விட்டு வைக்கலாம், மதியம் வந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் சீட்டு வாங்கியிருந்தால் ஞாயிறு காலையும் பூங்காவுக்கு உங்களுக்கு உண்டு.

பாட்டிக்கு இவ்வளவு தூரம் வேண்டாமே என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவருக்கு விளையாட்டு வேண்டியதில்லை, பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தால் போதும். ஆனால் ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். அடுத்த வாரமே அவரைப் பக்கத்தில் இருக்கிற தம்புன் லாஸ்ட் வேர்ல்டுக்கு மாலையில் கூட்டிப் போங்கள். அங்கே வெந்நீர் ஊற்றுப் பகுதி மாலை ஆறு மணிக்கு மேல் உண்டு. எவ்வளவு நேரம் நடக்கிறார், எத்தனை முறை உட்கார வேண்டியிருக்கிறது, கழிப்பறைக்கு எவ்வளவு அடிக்கடி போகிறார் என்பது தெரிந்துவிடும். ஜொகூரில் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.

பெட்டிகளைப் பெல் கவுண்டரில் கொடுக்கும்போது பாட்டியின் மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுச் சேலை, குழந்தையின் பால் மாவு, எல்லாருடைய மைகாட் ஆகியவற்றை ஒரு தனிப் பையில் போட்டு உங்கள் தோளிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். ஒருமுறை பெட்டிகள் உள்ளே அடுக்கப்பட்டுவிட்டால், அடியில் இருக்கிறதை எடுப்பதற்கு அதன் மேல் இருக்கிற இருபது பெட்டியை நகர்த்த வேண்டும். துண்டுச் சீட்டைத் தருவார்கள், அதைத் தொலைக்காமல் வையுங்கள். புக்கிங் செய்தபிறகு அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், பொடி எழுத்தை நான் படித்துப் பார்க்கிறேன்.